2008 ஒடிசி: ரைமிங் பெல்ற்றை வீட்டிலேயே மாற்றலாமா?

ஒடிசி_08 (ஸ்காபரோ)
2019 ஓகஸ்ட் 10, சனி

வணக்கம். எங்களிடம் 2008 ஹொண்டா ஒடிசி வான் ஒன்று நிற்கிறது. 3.5 லீற்றர் வி6, ஜே35 எஞ்சின். புதிதாக வாங்கியது, வேறு கை படவில்லை. இன்றைக்கு 171,000 கிலோமீற்றர். இரண்டு கிழமைக்கு முன் மீற்றருக்குள் ஸ்பனர் படமும் 4 என்ற இலக்கமும் வந்தன. புத்தகத்தைப் புரட்டினால் ஸ்பார்க் பிளக் மாற்று, ரைமிங் பெல்ற் மாற்று, தண்ணிப் பம்பைப் பார், வால்வு இடைவெளியைப் பார் என்று போட்டிருக்கிறது.

பக்கத்துக் கராஜில் 1,250 டொலர் கேட்டார்கள். வேலை அப்படிப்பட்டது, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மூத்தவளுக்கு இந்தச் செப்ரெம்பரில் பல்கலைக்கழகம் தொடங்குகிறது, அந்தப் பணம் எங்களுக்குப் பெரிது. பிரேக், ஒயில், ஓல்ரனேற்றர் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். ரைமிங் மூடியை மட்டும் இதுவரை திறந்ததில்லை. லேபர் டே நீண்ட வார இறுதியில் செய்யலாமா என்று யோசிக்கிறேன். கையால் செய்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய_கராஜ் (மார்க்கம்)
ஓகஸ்ட் 10

தம்பி, செய்யலாம். 20 வருசத்துக்கு மேல் கராஜில் நின்றவன் சொல்கிறேன். பலம் வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், கிராங்க் புல்லியின் நடுப் போல்ற். மற்றதெல்லாம் பொறுமை.

என்ன வேலை என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். கீழே கிராங்க் (பிஸ்ரன்கள் சுற்றும் தண்டு) இரண்டு தரம் சுற்றினால் மேலே கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு தரம் சுற்ற வேண்டும். உங்கள் எஞ்சினில் கேம் இரண்டு: ரேடியேற்றர் பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று. இந்த மூன்றையும் பல்லு வைத்த ஒரே றப்பர் பெல்ற் கட்டிப் பிடித்திருக்கிறது. தண்ணிப் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ற்தான். வால்வு திறந்து இறங்கி நிற்கிற இடத்துக்கே பிஸ்ரனும் ஏறி வரும். ஒன்று விலகிய பிறகு மற்றது வருவதால்தான் மோதாமல் ஓடுகிறது. பெல்ற் அறுந்தால் கேம் நின்றுவிடும், கிராங்க் வந்த வேகத்தில் இன்னும் சுற்றும், பிஸ்ரன் போய் வால்வை இடித்து வளைக்கும். அப்புறம் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும். அந்தச் செலவில் இன்னொரு பழைய வானே வாங்கலாம்.

இந்த பெல்ற் அறுவதற்கு முன் சத்தம் போடாது. பிரேக் தேய்ந்தால் கீச்சிடும், இது நேற்றுவரை நன்றாக ஓடிவிட்டு இன்றைக்கு நெடுஞ்சாலையில் கைவிடும். எச்சரிக்கை விளக்கு முறை வருவதற்கு முந்திய ஒடிசிகளுக்கு 168,000 கிலோமீற்றர் அல்லது 7 வருடம் என்று ஹொண்டா சொன்னது. உங்களுடைய பெல்ற்றுக்கு வயது 11. லேபர் டே வரைக்கும் தூரப் பயணம் வேண்டாம்.


மழைக்குருவி (மிசிசாகா)
ஓகஸ்ட் 10

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களுடையது ரொயோட்டா சியென்னா 2009. இதற்கும் பெல்ற்தானா?


பழைய_கராஜ் (மார்க்கம்)
ஓகஸ்ட் 11

இல்லைத் தங்கச்சி, 2007இலிருந்து சியென்னாவில் 3.5 லீற்றர் எஞ்சின், அதற்குச் செயின். அதற்கு முந்திய 3.3 லீற்றருக்குத்தான் பெல்ற். ஹொண்டாவிலும் 2002க்குப் பிறகு வந்த நாலு சிலிண்டர் சிஆர்வி செயின்தான். உங்களிடம் யாராவது ரைமிங் பெல்ற் மாற்றக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஒயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், செயின் கிடக்கும்.


சாவிக்கொத்து (ஏஜாக்ஸ்)
ஓகஸ்ட் 11

நான் இப்போதும் கராஜில் வேலை செய்கிறவன். வருமானம் போகிறது என்று தடுக்க வரவில்லை. இரண்டு விசயம் மட்டும்.

உங்கள் ட்ரைவ்வே சரிவா? ஸ்காபரோவில் பாதி வீடுகளுக்குச் சரிவுதான். சரிவில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. வலது முன் சில்லைக் கழற்றிவிட்டு, ஜக் ஸ்ராண்டில் நிற்கும் வானில் நீளமான பைப் போட்டு இழுக்கப் போகிறீர்கள். வான் ஒரு அங்குலம் அசைந்தாலும் போதும். மட்டமான சீமெந்துத் தரை வேண்டும், பின் சில்லுகளுக்குக் கட்டை வைக்க வேண்டும்.

மற்றது, அந்தப் பக்கம் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற எஞ்சின் மவுண்ட் கழற்ற வேண்டிவரும். ஒயில் தட்டுக்கு அடியில் அகலமான பலகை ஒன்றை வைத்து அதன்மேல் ஜக்கால் தாங்கவும். வெறும் ஜக்கை வைத்தால் தட்டு நெளிந்துவிடும். எஞ்சினைத் தூக்கத் தேவையில்லை, பாரத்தைத் தாங்கினால் போதும்.


வடக்குப்பனி (சட்பரி)
ஓகஸ்ட் 11

புத்தகத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது, பலர் பார்ப்பதில்லை. அடிக்கடி 43 பாகைக்கு மேலான வெயிலிலோ மைனஸ் 29க்குக் கீழான குளிரிலோ ஓடினால், விளக்கு வரும்வரை காத்திருக்காமல் 100,000 கிலோமீற்றரில் மாற்றச் சொல்கிறது. எங்கள் ஊரில் ஜனவரியில் அந்தக் குளிர் சாதாரணம். விடிய வாகனத்தைத் திருப்பும்போது மரக்கட்டை மாதிரி விறைத்த றப்பர்தான் அத்தனையையும் இழுக்க வேண்டும். ரொறன்ரோவில் உங்களுக்கு அந்தக் கவலை குறைவு.

என் ஹொண்டா பைலட்டிலும் இதே எஞ்சின்தான். 2015இல் நானே மாற்றினேன். அதில் விட்ட பிழையையும் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். எல்லாம் பூட்டி, மூடி போட்டு, கூலன்ற் ஊற்றி ஸ்ராட் பண்ணினேன். ஓடியது. ஆனால் நிறுத்தத்தில் நிற்கும்போது இருமல்காரன் மாதிரிக் குலுங்கியது. ஐந்து நிமிடத்தில் மஞ்சள் எஞ்சின் விளக்கு. பின் கேம் ஒரு பல்லு தள்ளி நின்றது. எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினேன். வால்வு தப்பியது, கடவுள் புண்ணியம். மூடி போடுவதற்கு முன் கையால் சுற்றிப் பார்த்திருந்தால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும். நித்திரை வருகிறது, முடித்துவிட்டுப் படுப்போம் என்று அவசரப்பட்டேன்.


எட்மன்டன்_கொங்கு (எட்மன்டன்)
ஓகஸ்ட் 12

அண்ணா, நான் கோவைப் பக்கம். என் ஹொண்டா அக்கார்டு வி6-ல் போன வருடம் டைமிங் பெல்ட் மாற்றினேன். மூன்று குறிப்புகள் சொல்கிறேன், எனக்கு யாரும் முன்னாடி சொல்லவில்லை.

ஒன்று, தனித்தனியாகப் பாகம் வாங்காதீர்கள். ஐசின் கம்பெனியின் டிகேஎச்-002 கிட் இந்த எஞ்சினுக்கானது. பெல்ட், வாட்டர் பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற ஹைட்ராலிக் டென்ஷனர், இரண்டு புல்லிகள் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று போகாதீர்கள், போலி நிறைய உலாவுகிறது. தெரிந்த உதிரிபாகக் கடையில் பில்லோடு வாங்குங்கள்.

இரண்டு, கிராங்க் புல்லியின் நடுவில் 50 மில்லிமீட்டர் அறுகோணக் குழி இருக்கும். அதற்குள் பொருந்துகிற ஹோல்டர் விற்கிறார்கள். அது இல்லாமல் புல்லி கூடவே சுற்றும். போல்ட் தலை 19 மில்லிமீட்டர். ஸ்டார்ட்டர் மோட்டாரால் தட்டிக் கழற்றும் வீடியோக்கள் கிடக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கம்பி நழுவினால் கை போய்விடும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த விஷயம். பேட்டரியை அழுத்திப் பிடிக்கிற நீளமான போல்ட் ஒன்றைக் கழற்றி, அதன் நுனியை 45 டிகிரி சரிவாக ராவிக்கொள்ளுங்கள். டென்ஷனர் புல்லிக்குப் பக்கத்தில் அதே மரை உள்ள துளை ஒன்று இருக்கிறது. போல்ட்டைக் கையாலேயே திருகி இறக்கினால், நுனி போய் டென்ஷனர் கையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஹொண்டாவின் சர்வீஸ் புத்தகமே சொல்கிற வழி இது. ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டாம், கை இறுக்கம் போதும். பேட்டரி ஒயரைக் கழற்றும் முன் ரேடியோ கோட் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பப் பூட்டியதும் கேட்கும்.


ஒடிசி_08 (ஸ்காபரோ)
ஓகஸ்ட் 12

எல்லோருக்கும் நன்றி. எங்கள் ட்ரைவ்வே சரிவுதான், சாவிக்கொத்து சொன்னதும் மனைவியின் அண்ணன் வீட்டைக் கேட்டேன். அவர்களுடைய கராஜ் தரை மட்டம். அத்தானும் கூட நிற்பதாகச் சொன்னார். கிட் சொல்லியாயிற்று, பெல்ற் மாறும் நேரத்திலேயே ஆறு ஸ்பார்க் பிளக்கும் மாற்றுகிறேன்.


பழைய_கராஜ் (மார்க்கம்)
ஓகஸ்ட் 12

பிளக்குகளை முதலே கழற்றி வையுங்கள், கடைசியில்தான் புதியதைப் பூட்ட வேண்டும். பிளக் இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் காற்று அமுங்காது, கிராங்க் கைக்கு இலேசாகச் சுற்றும். எங்கே எது முட்டுகிறது என்பதும் கைக்குத் தெரியும். சுற்றுவது எப்போதும் வலஞ்சுழியாக, எஞ்சின் ஓடும் திசையிலேயே.


ஒடிசி_08 (ஸ்காபரோ)
ஓகஸ்ட் 31, சனி, பிற்பகல்

தொடங்கிவிட்டோம். காலை எட்டு மணிக்குச் சில்லைக் கழற்றினோம். உள் தகட்டில் இருந்த பிளாஸ்ரிக் கிளிப்புகளில் பாதி உடைந்துபோயின, 11 குளிர்கால உப்பு.

நடுப் போல்ற்றோடு ஒன்றரை மணித்தியாலம் போராடினோம். முதலில் என் அரை அங்குல பிறேக்கர் பாரில் மூன்று அடிப் பைப் மாட்டி இழுத்தேன். பைப் வளைந்ததே தவிர போல்ற் அசையவில்லை. அப்புறம் அத்தான் போய் முக்கால் அங்குல பாரும், அதற்கேற்ற 19 சொக்கற்றும் கொண்டுவந்தார். சொக்கற்றோடு மாட்டிய நீட்டுக் கம்பியின் தலைக்கடியில் ஜக் ஸ்ராண்ட் ஒன்றை வைத்து முட்டுக் கொடுத்தோம். கம்பி தொங்காமல் நேராக நின்றது, அதற்குப் பிறகுதான் நாங்கள் கொடுத்த பலம் முழுக்கப் போல்ற்றுக்குப் போனது. நான் ஹோல்டரைப் பிடிக்க அவர் பாரத்தைப் போட்டார். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். பார்த்தால் போல்ற் கால் சுற்று இளகி நிற்கிறது, புல்லியைச் சுற்றிச் செம்பு நிறத் துருத்தூள் உதிர்ந்து கிடக்கிறது.


ஒடிசி_08 (ஸ்காபரோ)
ஓகஸ்ட் 31, மாலை

மூடிகள் கழன்றன. பழைய பெல்ற்றை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, பல்லெல்லாம் சரியாக இருந்தது. முதுகுப் பக்கம் மடித்துப் பார்த்தபோதுதான் மயிரிழை மாதிரி வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. தண்ணிப் பம்பின் கசிவுத் துளையிலிருந்து கீழ்நோக்கி நீலமும் வெள்ளையுமாக ஒரு காய்ந்த கோடு. கசியத் தொடங்கிவிட்டது. பெல்ற்றை மட்டும் மாற்றிவிட்டுப் பம்பை விட்டிருந்தால் அடுத்த வருசமே எல்லாவற்றையும் திரும்பக் கழற்றியிருப்போம்.


ஒடிசி_08 (ஸ்காபரோ)
ஓகஸ்ட் 31, இரவு 8.40

அவசரம். கிராங்க், கேம் புல்லிகளில் இருக்கிற குறிகளெல்லாம் சரியாக நின்றன. பெல்ற்றுக்கு வழிகாட்டுகிற ஐட்லர் புல்லியைக் கழற்றி பெல்ற்றை எடுத்ததும் பின் கேம் தானாகவே டக் என்று சுற்றிக்கொண்டது! குறி இப்போது சில பல்லு தள்ளி நிற்கிறது. வால்வு வளைந்திருக்குமா? கை நடுங்குகிறது.


பழைய_கராஜ் (மார்க்கம்)
ஓகஸ்ட் 31, இரவு 8.52

பயப்படாதீர்கள் தம்பி. வால்வு ஸ்பிரிங் கேமைத் தள்ளியிருக்கிறது, இந்த எஞ்சினில் பின் கேம் இப்படிச் செய்வது வழமை. ஸ்பிரிங்கின் தள்ளலுக்கு வால்வு வளையாது.

கிராங்கைத் தொடாதீர்கள். கேம் போல்ற்றில் சொக்கற் போட்டு, பாய்ந்து வந்த அதே வழியே மெதுவாகத் திருப்புங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு மெத்தென்று இருக்கும், அது பரவாயில்லை. இரும்பில் இரும்பு முட்டுகிற மாதிரிக் கட்டியாக ஏதாவது தடுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.


ஒடிசி_08 (ஸ்காபரோ)
ஓகஸ்ட் 31, இரவு 9.15

திரும்பிவிட்டது. மெத்தென்றுதான் வந்தது, எங்கும் முட்டவில்லை. கையை எடுத்தால் திரும்பவும் பாய்கிறது, பெல்ற் போடும்போது அத்தான் பிடிக்க வேண்டிவரும். அண்ணை, மிகவும் நன்றி. இன்றைக்கு இதோடு மூடிவிட்டு நாளைக்குப் பார்க்கிறோம்.


வடக்குப்பனி (சட்பரி)
ஓகஸ்ட் 31

நிறுத்தியது நல்லது. நான் அன்றைக்கு நிறுத்தவில்லை.


எட்மன்டன்_கொங்கு (எட்மன்டன்)
செப்டம்பர் 1

இன்றைக்குப் பெல்ட் மாட்டும் வரிசை: கிராங்க், ஐட்லர், முன் கேம், வாட்டர் பம்ப், பின் கேம், கடைசியில் டென்ஷனர் புல்லி. ஒவ்வொரு இடத்திலும் பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டே அடுத்ததற்குப் போங்கள். தளர்வு முழுக்க டென்ஷனர் பக்கம் போய்ச் சேரணும். கேம்களுக்கு நடுவில் தளர்வு இருந்தால் அங்கேதான் ஒரு பல் தப்பும். புது டென்ஷனரை அமுக்கி வைத்திருக்கிற ஊசியைக் கடைசிவரை பிடுங்காதீர்கள்.


ஒடிசி_08 (ஸ்காபரோ)
செப்ரெம்பர் 1, ஞாயிறு, மாலை

பம்ப் பூட்டியாயிற்று. பழைய ஒட்டுப் பசையைச் சுரண்டி, பம்ப் உட்காரும் இடத்தைத் துடைத்துக் காய வைத்தோம். சின்னப் போல்ற்றுகள் ஐந்து, 12 நியூற்றன் மீற்றர்தான். முழங்கையால் இறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும், அதனால் இறுக்கத்தை அளந்து காட்டுகிற சின்ன ரோர்க் ரென்ச் பாவித்தோம்.

பெல்ற்றை மூன்று தரம் போட்டுக் கழற்றினோம். முதல் இரண்டு தரமும் முன் கேமில் அரைப் பல்லு சந்தேகம். கிராங்கை இம்மியளவு பின்னால் வாங்கி பெல்ற்றைப் போட்டு, பிறகு முன்னால் கொண்டுவந்ததும் மூன்று குறியும் ஒன்றாக வந்து நின்றன. டோர்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒரு பல்லுத் தள்ளி இருப்பது போலத் தெரிகிறது, நேருக்கு நேர் பார்த்தால்தான் சரி தெரியும். இதை வேறு யாரும் எழுதியிருக்கிறார்களா தெரியாது, செய்யப் போகிறவர்கள் முகத்தைச் சின்னக் கண்ணாடியோடு உள்ளே கொண்டுபோங்கள்.

ஒரு சந்தேகம். பழைய பெல்ற்றிலிருந்து பல்லெண்ணி புதியதில் வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தேன். ஊசியைப் பிடுங்கி, பற்றரிப் போல்ற்றை எடுத்து, கையால் ஆறு சுற்றுச் சுற்றினேன். புல்லிகளின் குறிகள் சரியாக வருகின்றன. ஆனால் பெல்ற்றில் போட்ட கோடுகள் எங்கேயோ நிற்கின்றன. பிழையா?


சாவிக்கொத்து (ஏஜாக்ஸ்)
செப்ரெம்பர் 1

பிழையில்லை. பெல்ற் ஒரு சுற்று வரும் நேரமும் கிராங்க் ஒரு சுற்று வரும் நேரமும் ஒன்றல்ல, அதனால் அந்தக் கோடுகள் பல சுற்றுக்குப் பிறகுதான் திரும்ப வந்து சேரும். அவை போடும்போது மட்டும் உதவுகிறவை. கிராங்கின் பல்லுக் குறி, இரண்டு கேமின் குறி, இந்த மூன்றும் ஒன்றாக நின்றால் வேலை சரி. கையால் சுற்றும்போது எங்கும் முட்டவில்லை என்றால் நீங்கள் கரை சேர்ந்துவிட்டீர்கள்.


ஒடிசி_08 (ஸ்காபரோ)
செப்ரெம்பர் 1

எங்கும் முட்டவில்லை. இனி நடுப் போல்ற். சிலர் 245 நியூற்றன் மீற்றர் என்கிறார்கள், சிலர் 64க்கு இறுக்கிவிட்டு மேலே 60 பாகை திருப்பச் சொல்கிறார்கள். எது?


பழைய_கராஜ் (மார்க்கம்)
செப்ரெம்பர் 1

இரண்டும் ஹொண்டா சொன்னதுதான், எஞ்சினின் காலத்தைப் பொறுத்து மாறும். காணொளியில் கேட்டதை வைத்து இறுக்காதீர்கள். உங்கள் ஆண்டு, உங்கள் எஞ்சின் இலக்கத்துக்கான சர்வீஸ் புத்தகப் பக்கத்தைப் பார்த்து அதையே செய்யுங்கள். கிடைக்காவிட்டால் நாளைக்குக் காலை என்னிடம் கேளுங்கள், பழைய புத்தகப் பெட்டியைத் திறக்கிறேன். போல்ற்றைத் துடைத்து மரையைப் பாருங்கள். இழுபட்ட மாதிரித் தெரிந்தால் புதிது வாங்குங்கள், அது விலை குறைந்த சாமான்.


ஒடிசி_08 (ஸ்காபரோ)
செப்ரெம்பர் 2, திங்கள், லேபர் டே

அண்ணையின் பெட்டியிலிருந்த பக்கத்தின்படி இறுக்கினோம். புல்லியிலும் போல்ற்றிலும் வெள்ளைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன், பிறகு நகர்ந்தால் தெரியும்.

பகல் பதினொன்றரைக்குச் சாவியைத் திருப்பினேன். அத்தான் எஞ்சின் பக்கம் காது கொடுத்து நின்றார். முதல் திருப்பிலேயே பிடித்தது. அத்தான் கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். குலுக்கமும் இல்லை, விளக்கும் இல்லை.

ரேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து, ஹீற்றரை முழுச் சூட்டில் போட்டு, விசிறி இரண்டு தரம் ஓடி நிற்கும்வரை காற்றை வெளியேற்றினோம். நடுவில் இரண்டு தரம் குமிழி வந்து மட்டம் இறங்கியது, ஹொண்டாவின் நீலக் கூலன்ற்றையே ஊற்றி நிரப்பினோம். பழைய கூலன்ற்றை உடனே மூடிய வாளியில் எடுத்து வைத்தோம். அத்தான் வீட்டில் நாய் இருக்கிறது. கூலன்ற் இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் உயிர் போய்விடும். வாளியை நகரசபையின் அபாயகரக் கழிவு நிலையத்தில் கொடுக்க வேண்டும்.

செலவு: கிட், பிளக், கூலன்ற், ஹோல்டர் எல்லாம் சேர்த்து 460 டொலர்.


ஒடிசி_08 (ஸ்காபரோ)
செப்ரெம்பர் 8, ஞாயிறு

ஒரு கிழமை, 400 கிலோமீற்றர். இரண்டாம் நாள் கூலன்ற் மட்டம் ஒரு விரல் இறங்கியது, நிரப்பினேன், அதன் பிறகு அசையவில்லை. பம்பைச் சுற்றி உலர்வாக இருக்கிறது. புல்லியின் வெள்ளைக் கோடும் நகரவில்லை. நேற்று மகளைச் சாமான்களோடு வாட்டர்லூவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். 401 நெடுஞ்சாலையில் போய் வந்த நேரமெல்லாம் ரேடியோ போடவில்லை, எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.


பிரம்ரன்_வாசி (பிரம்ரன்)
செப்ரெம்பர் 9

முழுதும் வாசித்தேன். என்னிடமும் ஒடிசி, 158,000 ஓடியிருக்கிறது, இன்னும் விளக்கு வரவில்லை. அந்த 50 மில்லிமீற்றர் ஹோல்டரை இரவல் தருவீர்களா?


ஒடிசி_08 (ஸ்காபரோ)
செப்ரெம்பர் 9

தாராளமாக. முக்கால் அங்குல பாரையும் சேர்த்துத் தருகிறேன், அது இல்லாமல் போல்ற் அசையாது. ராவிய பற்றரிப் போல்ற்றும் இருக்கிறது, எனக்குப் புதியது வாங்கிப் பூட்டிவிட்டேன். உங்களுடையது எந்த ஆண்டு? பனி விழுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை வைத்தால் நானும் வந்து பின் கேமைப் பிடிக்கிறேன்.